பந்துப் படகு

பைனிரை விற்பதா வேண்டாமா என்று
கிளப் அறையில் கூட்டம்.
மழை உள்ளேயும் பெய்தது.
மூன்று வாளி வைத்திருந்தோம்.
நான்காவது இடத்தில் யெக்வானின் வழுக்கைத் தலை இருந்தது.

அவர்தான் பொருளாளர்.
டென்மார்க்கிலிருந்து வந்த கடிதத்தை
இரண்டு முறை வாசித்தார்.
இரண்டாம் முறை தொகையை மட்டும்.
சைபர்களை எண்ணிக்கொண்டே
எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தோம்.

"கோல் அடிக்கிறவனை விற்றுக் கூரை போடுவதா?
போட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்து
எதைப் பார்ப்பது?"
ஓட்மார், பேருந்து ஓட்டுகிறவன்.
நாங்கள் தோற்ற ஞாயிறுகளில்
சுரங்கப்பாதைக்குள் அவன் வண்டி
கொஞ்சம் வேகமாகப் போகும்.
பரோ தீவில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்
எங்கள் ஸ்கோரை அப்படித்தான் தெரிந்துகொள்வார்கள்.

"முட்டி ஒருமுறை போனால்
முட்டை விலைக்கும் எவனும் கேட்க மாட்டான்."
மார்யுன் சொன்னாள்.
மீன் ஆலையில் அவனுக்கு அடுத்த மேசை அவளுக்கு.
"பெண்கள் அணிக்கு உடைமாற்ற அறையில்லை.
என் மகள் வேனுக்குள் குனிந்து பூட்ஸ் மாட்டுகிறாள்.
இதையும் எழுதுங்கள்."
எழுதினார்கள்.

பேச்சு தடித்தது.
ஆறு வயதில் அவனுக்கு முதல் பூட்ஸ்
வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று
நான்கு பேர் எழுந்தார்கள்.
நான்கு ஜோடி.
அவன் என்ன எட்டுக்கால் பூச்சியா?

நான் கடைசி வரிசையில், ஈரக் காலுறையோடு.
நான் படகுக்காரி.
எங்கள் மைதானத்துக்கு மேற்கே வேலி,
வேலிக்கு அப்பால் ஒரே கடல்.
தாண்டி விழும் பந்தை
துடுப்பு வலித்து எடுத்து வருவது என் வேலை.
போகும்போது முகம் கரையைப் பார்க்கும்,
ஆட்டம் தெரியும்.
திரும்பும்போது ஆட்டம் என் முதுகுக்குப் பின்னால்.
அவன் கோல்களில் பாதி
எனக்கு வெறும் சத்தம்.

இந்த சீசனில் அவன் அடித்தது இருபத்துமூன்று.
அது ஊருக்கே தெரியும்.
கடலில் விழுந்தது நாற்பத்தொன்று.
அது என் நோட்டில் இருக்கிறது.
தேதி, காற்று, அலை, எந்தக் கால்.

ஜூலை வரை வலது, வலது, இடது, வலது.
பிறகு எல்லாம் இடது.
பக்கம் பக்கமாக
இடது.

"அவனை யாராவது கேட்டீர்களா?"
கேட்டது யார் என்று நினைவில்லை.
ஒரு பையனை ஆலைக்கு ஓடவிட்டோம்.
இரவு ஷிஃப்ட். முந்நூறு மீட்டர் தூரம்.
வெள்ளை ரப்பர் ஏப்ரன், தலையில் வலைத்தொப்பி,
கையெல்லாம் காட் மீன் செதில்.
வாசலிலேயே நின்றான்.

"நீங்கள் முடிவு பண்ணுங்கள்" என்றான்,
"எனக்கு இன்னும் எட்டுப் பெட்டி இருக்கிறது."

சொட்டு இடம் மாறியிருந்தது.
வாளியைக் காலாலேயே
ஒரு சாண் நகர்த்தினான்.
ஒரு துளி சிந்தவில்லை.
அறை கை தட்டியது, கோல் விழுந்த மாதிரி.
நகர்த்திய கால் இடது.
நான் பார்த்ததை
அவனும் பார்த்தான்.

அவன் போன பின் கதவு மூடவேயில்லை,
மரம் ஊறிப்போயிருந்தது.

வாக்கெடுப்புக்கு முன் கேள்வி உண்டா என்றார் யெக்வான்.
எழுந்தேன். நோட்டு மடியிலிருந்து நழுவப் பார்த்தது.
கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு:
"அந்த டென்மார்க் மைதானத்துக்குப் பக்கத்தில்
கடல் இருக்கிறதா?"

சிரித்தார்கள்.
அவர் காகிதத்தைப் புரட்டினார்.
இல்லை ரன்வா, கார் நிறுத்துமிடம்.

தவறியதை அங்கே எவரும்
எண்ணி வைக்கப் போவதில்லை.

நோட்டை மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டு
கை தூக்கினேன்.

இப்போதெல்லாம் ஓட்மாரின் பேருந்து
என் நிறுத்தத்தைத் தாண்டி
இருபதடி தள்ளித்தான் நிற்கிறது.
ஓடிப்போய் ஏறுகிறேன்.