பன்னிரண்டில் ஒரு பங்கு குளிர்

பகலில் நான் பல் செய்கிறவள்.
லெய்டனில், கால்வாய்க்குப் பின்தெருவில்,
நாளை யாரோ ஆப்பிள் கடிக்கப்போகும் பீங்கானில்
இன்று கொஞ்சம் மஞ்சள் ஏற்றுவேன்.
தூய வெள்ளையை எவரும் நம்புவதில்லை.

இரவில் அதே துளைக்கருவி, அதே பூதக்கண்ணாடி.
பழஞ்சந்தையில் வாங்கிய பொம்மை வீட்டில்
எட்டு அறைகளை யாரோ நிரப்பி முடித்திருந்தார்கள்:
குஞ்சம் வைத்த திரை, வெள்ளிக் கரண்டி,
புளியங்கொட்டை அளவு கூண்டில் ஒரு கிளி.
பின்பக்கச் சமையலறை மட்டும் காலி.
அதற்கு ஒரு மாதத்தைக் கொடுத்தேன்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து, பிப்ரவரி.
பசிக் குளிர்காலம் என்பார்கள் இங்கே.

வழக்கம்போல் மரத்தில் தொடங்கினேன்.
பேரி மரத்தில் நான்கு நாற்காலி,
கடைசல் கால்கள், நாணல் பின்னிய இருக்கை,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து இரவு.
மேசை. அலமாரி. அலமாரிக்கு உண்மையிலேயே பூட்டுகிற பூட்டு.
ஹெய்ஸ் எட்டிப் பார்த்து
"நம்மைவிட வசதியான வீடு" என்றான்.

பிறகுதான் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கணக்கு நோட்டு.
எழுதியவள் ஆல்ட்யே ஃபெர்ஹூஃப்.
வரவுப் பக்கம் ஏறக்குறைய வெறுமை.
செலவுப் பக்கத்தில் காசு இல்லை, மரம்:

டிசம்பர் 29. நிலைக்கண்ணாடிச் சட்டம். சூப், ஒரு வேளை.
ஜனவரி 6. அலமாரி, மேல்தட்டு முதல். நான்கு வேளை.
ஜனவரி 11. ஒன்றுமில்லை.
ஜனவரி 15. மாடிப்படி, ஒன்று விட்டு ஒன்று.
ஜனவரி 22. வௌட்டரின் தொட்டில். அவனுக்குத்தான் கால் நீண்டுவிட்டதே.
ஜனவரி 30. உள்கதவு. நாற்காலி, மூன்று.

அன்றிரவு விளக்கைப் போட்டு
நான் செய்த அறையை நெடுநேரம் பார்த்தேன்.
பிப்ரவரியில் இத்தனை மரமா?
மலிவான பொய்ப்பல் மாதிரி
பளிச்சென்று சிரித்தது அது.

எடுக்கத் தொடங்கினேன்.
அலமாரி போன இடத்தில்
வெயில் படாத சுவர்க்காகிதப் பூக்கள் தெரியவேண்டும்.
அந்த ஒரு சாண்கூட இல்லாத சிவப்புக்கு
மூன்று இரவு ஆயிற்று, இல்லாததைச் செய்ய.
படிக்கட்டில் ஒன்று விட்டு ஒன்று பெயர்த்தேன்.
கதவைக் கழற்றினேன், கீல்களை விட்டேன்.
இரும்பு எரியாது.

தகரத்தில் கட்டைவிரல் நகமளவு ஓர் அடுப்பு.
பல்மெழுகில் துலிப் கிழங்கு ஐந்து,
ஒன்றை இரண்டாக அரிந்து
நடுவிலிருந்த மஞ்சள் குருத்தை
ஊசிமுனையால் நெம்பி எடுத்தேன்.
அது வயிற்றுக்கு ஆகாது என்று
நோட்டின் ஓரத்தில் இருந்தது.

நாற்காலிகள் பாக்கி.
பெட்டியில் எடுத்து வைத்திருக்கலாம்.
விற்கலாம் என்றான் ஹெய்ஸ், விலையும் சொன்னான்.
குறட்டால் கால் காலாக ஒடித்து
தகர அடுப்பில் அடுக்கித் தீக்குச்சி கிழித்தேன்.
ஐந்து இரவு
பத்தொன்பது நொடி எரிந்தது. எண்ணினேன்.
சுண்டுவிரலை அருகில் வைத்தேன்,
சூடு என்று சொல்ல முடியாது.
பேரி மரம் லேசாக இனித்து மணந்தது,
அதற்கு நான் தயாராக இல்லை.
மற்ற இரண்டையும் ஒடித்தேன்.
நான்காவது நிற்கிறது.
அவள் கணக்கில் அது எரியவில்லை,
அதில் யார் உட்கார்ந்தார்கள் என்றும் இல்லை.

உட்ரெக்ட் கண்காட்சியில் நடுவர் எழுதினார்:
வேலைப்பாடு நன்று. சமையலறை முற்றுப்பெறவில்லை.
சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் வேன் நிறையக் குலுங்கியது.
வீட்டில் இறக்கிப் பார்த்தால்
கதவில்லாத நிலைவழியே சாம்பல் கிளம்பிப் போய்
குஞ்சத்தில், வெள்ளிக் கரண்டியில்,
கிளியின் முதுகில்
மெல்லிசாகப் படிந்திருந்தது.

திங்கட்கிழமைக்குள் ஒரு கடைவாய்ப்பல் முடிக்கவேண்டும்.
தூரிகையை அதற்கே எடுத்து வைத்தேன்.