எந்த நீலம்

லெட்சுமாங்குடிப் பாலத்தில்
அறுவடை மெஷினுக்கு ஒதுங்கப் போய்
கைப்பிடிச் சுவரில் இடது கதவை உரசிவிட்டு
"லேசாத்தாங்க்கா" என்றான் குட்டுவன்.
லேசு ஒரு முழம் இருந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் வண்டி வெள்ளை.
நான் வாங்கும்போதே நீலம்.
ஒரே கை ஓட்டின பிக்கப் என்று
டேஷ்போர்டில் அடித்துச் சொன்னார்
மாயவரத்துத் தரகர்.
உப்புத்தாளை நனைத்து நனைத்து
தாஜுதீன் தேய்க்க,
நீலத்துக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே காவி பிரைமர்,
அதற்கும் கீழே இன்னொரு நீலம்,
கடைசியில்தான் வெள்ளை,
நடுவில் காசளவு தகரம்.
"எத்தனை கைன்னு சொன்னாரு?"
டீ வாங்கிவரக் குட்டுவனை அனுப்பினேன்.

டீசல் மூடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு
மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன்.
அங்கே கலர் பார்க்கும் மெஷின்
ஒற்றைக் கண்ணை மூடிமேல் வைத்து
மூன்று எண் கொடுத்தது.
ஒன்று பிளாஸ்டிக் குடம்.
ஒன்று பள்ளிக்கூட ஜன்னல்.
மூன்றாவது நீலமே இல்லை
என்றாள் பில் போடும் பெண்.

"மூடிக்குள்ள இருக்குறது வெயில் பாக்காத நீலம்.
கதவு ஆறு வருசமா மேக்கால பாத்து நிக்குது."
நிற்கிறதுதான்.
சாமியானாக் கம்பும் நாற்காலியும் இறக்கியபின்
குடோன் சுவரோடு வலப்பக்கம்,
தெருவுக்கு இடப்பக்கம்.
ஒரு வண்டிக்கு இரண்டு வயது.

பிறகு காம்பவுண்டைத் துணியில் தொட்டு
கதவின் ஓரமாக
உள்ளங்கை அளவு தேய்த்தார்.
துணிக்கு நீலம் வந்தது.
தேய்த்த இடத்தில்
நான் முன்பணம் கொடுத்த அன்றைய நீலம்.
"இப்ப சொல்லுங்க.
மூடிக்குச் சேக்கணுமா,
தேச்சதுக்கா, தேய்க்காததுக்கா?"

வண்டி முழுக்கத் தேய்த்தால்?
"அங்கங்க பச்சை எட்டிப் பாக்கும்."

தேய்க்காததுக்கே என்றேன்.

ஐஸ்கிரீம் குச்சியால் கலக்கினார்.
வெள்ளை, மறுபடி வெள்ளை,
கறுப்பு குண்டூசித் தலையளவு,
அப்புறம் மஞ்சள்.
நீலத்தில் எதற்கு மஞ்சள் என்றதற்கு
"வெயிலு என்ன கலரு?" என்றார், நிமிராமல்.
ஈரத்தில் சேர்ந்தது
காய்ந்ததும் ஒரு படி இருட்டியது.
டியூப்லைட்டில் ஒத்துப்போனது
வாசலுக்கு வந்ததும் முறைத்துக்கொண்டது.
வாடகைக்குச் சொன்னவர்கள் வைத்துப்போன
பத்திரிகைகள் கைப்பையில் கிடந்தன.
அவற்றின் பின்பக்கம் தீற்றித் தீற்றி
கதவில் வைத்துப் பார்த்தோம்.
இரண்டு கல்யாணம் வெளுத்துப் போயிற்று.
ஒரு காதுகுத்து ஊதாவாகியது.
நாலு மணி வெயிலில்
ஏழாவது அட்டை, வடுவூர் வளைகாப்பு,
கதவுக்குள் காணாமல் போனது.

நசுங்கலோடு நிறுத்தவில்லை அவர்.
நிறுத்தினால் ஓரம் காட்டிக்கொடுக்குமாம்.
கன்னைத் தள்ளித் தள்ளிப் பிடித்து
கதவின் மடிப்புக்கோடு வரைக்கும்
மெலிந்துகொண்டே போய் விட்டுவிட்டார்.

மீந்ததை ஜாம் பாட்டிலில் ஊற்றினார்.
எண் இல்லாத கலர்.
டேப் ஒட்டி எழுதினார்:
நாயகியக்கா கதவு.
"அடுத்த தடவை இதக் கொண்டாராதீங்க,
வண்டியக் கொண்டாங்க.
அதுக்குள்ள கதவு வேற எங்கயாச்சும் போயிருக்கும்."
பிறகு எதற்குப் பாட்டில்?
"காசு குடுத்தீங்கல்ல."

நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ்
முன்னே போய்ப் பின்னே வந்து
எஞ்சினை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தது.
பின்னால் இருநூறு நாற்காலி.
வளைகாப்பு பதினொன்றுக்கு.
இடது பக்கம் வந்து நின்ற பஸ்ஸின் கண்ணாடிக் கதவில்
எங்கள் கதவு தெரிந்தது.
எட்டி எட்டித் தேடினேன்.
எந்த இடம் என்று
இடித்தவனையே கேட்க வேண்டியதாயிற்று.
ஸ்டியரிங் மேல் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து
"அந்தா, பளிச்சுனு இருக்கே"
என்று அவன் காட்டியது
உள்ளங்கை அளவுப் பழைய நீலத்தை.