குப்பையல்ல

லிங்கிச் செட்டித் தெருவில் பதினோரு மணிக்கு
ஸ்கூட்டி நிறுத்த இடம் தேடுவதற்கே
தனியாய்க் கூலி கேட்கலாம்.
மூட்டை இறக்கும் மீன்பாடி வண்டிக்கும்
ஜூஸ் கடைக்காரர் கொட்டிய கரும்புச் சக்கைக்கும் நடுவே
செருகிவிட்டு மாடி ஏறினேன்.

கப்பல் பம்புக்கு சீல், கேஸ்கெட், ஓ-ரிங்.
ஜபருல்லா அண்ட் கோ, மூன்றாவது தளம்.
"நாப்பது நாளா மெயிலே ஒழுங்கா வர்றதில்லம்மா.
தூத்துக்குடிக்காரன் ஆர்டர் போட்டேங்கிறான், நான் பாக்கல.
அவன் வேற ஆள்கிட்ட போயிட்டான்.
வைரஸ்தானே?"

எல்லோருக்கும் வைரஸ்தான் வேண்டியிருக்கிறது.
வெளியிலிருந்து வந்தது என்றால்
ஒரு நிம்மதி.

நெட் வருகிறது. பாஸ்வேர்ட் சரி.
சர்வரில் இடம் கிடக்கிறது.
என் போனிலிருந்து "டெஸ்ட்" என்று ஒன்று தட்டினேன்.
வந்தது.
"நிலுவை இன்வாய்ஸ் விஷயம், தயவுசெய்து பார்க்கவும்"
என்று இன்னொன்று.
வரவில்லை.

ஸ்பாம் என்ற உறையைத் திறந்தேன்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
விழாத லாட்டரிக்கு வாழ்த்து,
ஏழே நாளில் கரையும் தொப்பை,
இவற்றோடு தோள் உரசிக்கொண்டு
பேங்க், துறைமுக ஆபீஸ், தூத்துக்குடி.

இந்த வடிகட்டிக்கு அறிவு கிடையாது, சார்.
கணக்கு மட்டும் தெரியும்.
நீங்கள் "குப்பை" என்று அழுத்தும்போதெல்லாம்
அந்தக் கடிதத்தில் இருந்த சொற்களை
ஒவ்வொன்றாய்க் குறித்து வைத்துக்கொள்ளும்.
அடுத்தமுறை அதே சொற்களோடு யார் வந்தாலும்
வாசலிலேயே திருப்பிவிடும்.
யார் இங்கே அந்த பட்டனை அழுத்துவது?

ஃப்ளாரன்ஸ் காலண்டரைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
"சார்தான் சொன்னாரு.
கோயம்புத்தூர்லேர்ந்து பாக்கி கேட்டு வந்தா
அவர் கண்ணுல படக் கூடாதுன்னு."

திங்கள்தோறும் ஒரு கடிதம்.
திங்கள்தோறும் ஒரு சொடுக்கு.
நினைவூட்டல், குப்பை.
மதிப்பிற்குரிய, குப்பை.
நிலுவை, இணைப்பு, தயவுசெய்து...
மரியாதையாகப் பேசுகிறவர்கள் அத்தனை பேரும் ஆபத்து என்று
அது சரியாகவே கற்றுக்கொண்டிருந்தது.

"தூத்துக்குடி அட்ரஸை மட்டும் புக்குல ஏத்திட்டா போதாதா?"
அவருக்குப் போதும்.
நாளைக்குப் புதிதாக ஒருவர்
"தயவுசெய்து விலை சொல்லுங்கள்" என்று எழுதினால்?

ஒரு பாடத்தை மட்டும் கிழிக்க முடியாது.
படித்த மொத்தத்தையும் அழிக்க வேண்டும்.
கொஞ்ச நாள் லாட்டரியும் வரும், தொப்பையும் வரும்.
"வரட்டும்."

அழித்தேன். மூடித் திறந்தேன்.
அனுப்பியவர் வாரியாக அடுக்கினேன்.
கோவையிலிருந்து பத்தொன்பது.

முதல் நான்கில் லெட்ஜர் பக்கங்கள், ரப்பர் ஸ்டாம்ப்.
பிறகு இரண்டு வரி.
பிறகு ஒரு வரி.
கடைசிக் கடிதம் கொஞ்சம் நீளம்.

"ஜபருல்லா பாய்,
ஆடிட்டர் சொன்னபடி பாக்கியைத் தள்ளிவிட்டுக்
கணக்கை முடித்துவிட்டோம்.
ஒரு பதிலும் இல்லாததால்
உடம்புக்கு முடியவில்லையோ என்று
இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.
வேங்கடபதி."

அவர் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்தார்.
போட்டுக்கொண்டார். மறுபடி துடைத்தார்.
"இதையும் தூக்கிக் குப்பையில போட்டிருக்கு பாருங்க."
ஃப்ளாரன்ஸ் ஸ்டேப்ளரைத் திறந்து
பின் இருக்கிறதா என்று பார்த்தாள்.

இனி இப்படித்தான், என்று காட்டினேன்.
தேர்ந்தெடுங்கள், "குப்பையல்ல" அழுத்துங்கள்,
அது மெதுவாகத் திரும்பக் கற்றுக்கொள்ளும்.
நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார்.
ஒற்றை விரலால், கீழிருந்து மேலாக,
பத்தொன்பது முறை.
பதினேழில் தவறாக எதையோ தொட்டு
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.
தேவையில்லை என்று நான் சொல்லவில்லை.

தேநீர் வந்தது. ஆறியே வந்தது.
பையை மூடினேன். எண்ணூறு ரூபாய், சார்.

"சரிம்மா,
பில்லை மெயில்ல அனுப்பிடுங்க" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.