இரு முனையிலும் மண்

மூடிய வால்வு திரையில் நடுங்குகிறதாம்.
ஒன்றரை மணிக்கு அழைப்பு.

மட்டக்குளி, காக்கைதீவுப் பக்கம்,
நிலத்துக்குக் கீழே எட்டடிக் குழி.
ஏணியின் கடைசிப் படி தண்ணீருக்குள்.
ரோச்சைப் பல்லில் கடித்தபடி
அக்சுவேற்றரின் மூடியைக் கழற்றுகிறேன்.
நாலு போல்ற். ஒன்று ஏற்கெனவே மரை தேய்ந்தது.

வோக்கியில் நிலங்க:
"துன... ஹத... எக்க... ஹத..."
ஏலம் கூறுகிறவனைப் போலச் சதவீதம் சொல்கிறான்.
என் கண்ணுக்கு முன்னால்
முள் மூடிய கோட்டிலேயே நிற்கிறது.
விரலால் தட்டியும் பார்த்தேன்.

மூடியது உறுதியாகாமல்
இரண்டாம் பம்ப் ஓடாது.
அது ஓடாவிட்டால் நாலரைக்கு
முகத்துவாரத்து மாடிகளில் குழாய் காற்றைத்தான் விடும்.

இந்த வயரின் மொழி எளிது.
நாலு மில்லிஅம்பியர்: மூடியிருக்கிறேன்.
இருபது: முழுக்கத் திறந்துவிட்டேன்.
பூச்சியம் என்ற சொல் இதில் இல்லை.
பூச்சியம் வந்தால் வயர் அறுந்தது,
அல்லது எலி.
மூடிக்கிடக்கிறேன் என்று சொல்லவும்
நாலு வேண்டும்.

கேபிளைக் கழற்றி மீற்றரை நேரே வைத்தேன்.
நாலு தசம் பூச்சியம் இரண்டு.
கல்லுப்போல நின்றது.
இவன் பொய் சொல்லவில்லை.

பிறகு நானே இவனாக நடித்து
கலிபிரேற்றரில் பன்னிரண்டு அனுப்பினேன்.
மேலே ஐம்பது வரவேண்டும்.
"பனஹ... பனஸ் துன... ஹதலிஸ் நமய..."
இடையில் கிடப்பது நூற்றெண்பது மீற்றர் கேபிள்,
ஒன்றாம் பம்பின் மோட்டர் வயரோடு ஒரே கானில்.

அப்போதுதான் கவச வலையைப் பார்த்தேன்.
இழைகளைத் திருகி, லக் அடித்து,
மஞ்சள்பச்சை வயரோடு
வடிவாய் இறுக்கியிருந்தார் யாரோ.
பழுது தேடி வந்த எனக்கே பாராட்டத் தோன்றிற்று.
மேலே பனலைத் திறந்து மிஃப்ராஸ் சொன்னான்:
இங்கேயும் அப்படித்தான், அதே வடிவு.
ஒருவரையொருவர் காணாத
இரண்டு கவனமான ஆட்கள்
சேர்ந்து செய்த பிழை.

மண்தானே, எங்கும் ஒன்றுதானே
என்று நினைத்திருப்பார்கள்.
வலையை விடுவித்து மீற்றரை வைத்தேன்.
அந்த மண்ணுக்கும் இந்த மண்ணுக்கும்
மூன்று வோல்ற்.

எனக்கும் இரண்டு காக்கைதீவு.
ஒன்று ஆனைக்கோட்டைக்கு அங்கால், பிறந்தது.
ஒன்று இது, வாடகை.
நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி
இரண்டு கூட்டிலும் ஒரே பெயரைக் கண்டு
சிவப்புப் பேனையால் சுழித்தாள் கிளார்க்.
எது பிழை என்று கேட்டேன்.
"ஏதாவது ஒன்றை எடுங்கோ மிஸ்."

கீழ்முனையை எடுத்தேன்.
அறுக்கவில்லை.
வலையைப் பின்னுக்கு மடித்து
ஸ்லீவ் இட்டு ரேப் சுற்றினேன்.
கேபிளைப் பழையபடி பூட்டினேன்.

"எக்க... பிந்துவ... பிந்துவ..."
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"பிந்துவ. ஹரி."
என்னுடைய நாலை அவன் பூச்சியம் என்கிறான்.
இருக்கட்டும், அது அவன் பக்கத்துக் கணக்கு.

இரண்டாம் பம்ப் எழுந்தது.
கணுக்காலைச் சுற்றி நின்ற தண்ணீரில்
நுணுக்கமாய் வளையங்கள்.
திரையில் ஒன்றும் அசையவில்லையாம்.

சிறிய அட்டைதான் கையில் இருந்தது.
'இங்கே மண்ணோடு கட்டவேண்டாம்.'
தமிழில் எழுதியதும் ஒரு பக்கம் நிறைந்துபோயிற்று.
மற்ற இரண்டு மொழியையும் முதுகில் எழுதி,
எப்படித் திரும்பித் தொங்கினாலும் தொங்கட்டும் என்று
கேபிளில் கட்டினேன்.

மூடியைப் பூட்டும்போது
மூன்று போல்ற்தான் இருந்தது.
நாலாவது தண்ணீருக்குள் எங்கேயோ.