நேரலை

ஆற்றில் ஒரு கேமரா, ஆபீஸ் சுவரில் ஒரு திரை.
நடுவில் எதை வைப்பது என்று சொல்லத்தான்
காட்பாடியிலிருந்து பள்ளிகொண்டாவுக்கு அப்பால்
அந்தப் பேரூராட்சிக்கு
மூன்று சாதனங்களைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

முதலில் அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரையே பார்த்தோம்.
பிறப்புச் சான்றிதழ் அடித்து அடித்து ஓய்ந்தது.
கண் விழிக்க ஏழு நிமிடம்.
விழித்ததும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமென்று
நீல நிறத்தில் அடம்பிடித்தது.
இந்தப் பக்கம் கரன்ட் ஒரு நாளைக்கு நாலு தடவை போகும்.
ஒவ்வொரு தடவையும் யார் வந்து எழுப்புவது?

அடுத்து, லாங் பஜாரில் வாங்கிய ஆண்ட்ராய்டு பெட்டி.
விலை குறைவு, ரிமோட் உண்டு.
ஆற்றைக் காட்டுமுன் ஒரு சினிமாவைப் பார்க்கச் சொன்னது.
அப்புறம் காட்டியது:
மணல், சீமைக்கருவேலம், உறைகிணற்றின் விளிம்பு,
என்றோ போன ஒரு டயரின் தடம்.

செயல் அலுவலர் கோமளவல்லி
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:
"இது ஓடுதா, நின்னுடுச்சா?"

எனக்கும் தெரியவில்லை.
பதினாலு வருடத் தொழில்.
கல்யாண மண்டபம், நகைக்கடை, தோல் ஷெட்டு,
எங்கேயும் ஒரு ஃபேனாவது சுற்றும்,
படம் உறைந்தால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன்.
இங்கே
நேர் இருந்தது. அலை இல்லை.

பம்ப் ஆபரேட்டர் முனிரத்தினத்தை
சிவப்பு பக்கெட்டோடு ஆற்றில் இறக்கினோம்.
போனில் நான்: "தூக்குங்க."
"தூக்கினுதான் கீறேன்."
திரையில் ஆளே இல்லை.
"நல்லாத் தூக்குங்க."
"இன்னும் எப்பிடித் தூக்கறது சார், கை கடுக்குது."
பதினொன்று எண்ணியபின்
ஓரத்திலிருந்து நடந்து வந்தார்.
அங்கே பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு
என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது
இங்கே அது மெதுவாக மேலே போனது.

"பதினோரு செகண்டுல ஒருத்தன் அரைக்கூடை மணல் அள்ளிடுவான்," என்றேன்.
"அது போகட்டும்," என்றார் கோமளவல்லி.
"ஆள் அங்க நிக்கறப்ப இங்க காலியாத் தெரியுதே,
அதான் எனக்கு ஒப்பல."

மூன்றாவது, சீட்டுக்கட்டளவு ஒரு போர்டு.
மூடியில்லை, பொத்தானில்லை.
கரன்ட் வந்ததும் தானே எழுந்து ஆற்றைப் போடும்,
அதற்கு வேறொன்றும் தெரியாது.
சித்திரை வெயிலுக்காக
முதுகில் ஒரு அலுமினியத் துண்டு ஒட்டினேன்.
"தூக்கி" என்றார் முனிரத்தினம்,
"னேன்" வருமுன்னே பக்கெட் மேலே இருந்தது.

இதுதான் என்றேன். சரி என்றார்.
கொட்டேஷன், கையெழுத்து, டீ.
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால்
போதுமென்று யாரும் சொல்லாததால்
கையை மாற்றி மாற்றி
இன்னும் தூக்கிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.
"போதுங்க" என்றேன் திரையைப் பார்த்து.
அப்புறம்தான் போனை எடுத்தேன்.

பிறகு வாரம் ஒரு அழைப்பு: "படம் நின்னுடுச்சு போல."
போய்ப் பார்த்தால் நிற்கவில்லை.
மூலையில் மணி ஓட வைத்தேன்;
எழுத்து எறும்பளவு, அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை.
கடைசியில் முனிரத்தினம்தான்
கேமராவுக்கு எதிரே ஒரு கழியை நட்டு
உரச்சாக்கின் கிழிசலைக் கட்டிவிட்டார்.
அதற்கு நான் பில் போடவில்லை.
சாக்கு ஆடினால் ஆறு நேரலையில் இருக்கிறது,
அவ்வளவுதான்.

மே மாதம், மதியம் இரண்டரை.
"சாக்கு ஆடல. போர்டு போயிடுச்சு."
"கிட்டப் போய்ப் பாருங்க மேடம், மூலையில நொடி ஓடுதா?"
நாற்காலி இழுபடும் சத்தம்.
"நாப்பத்தொண்ணு… நாப்பத்திரெண்டு… ஓடுது."
"அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றேன்.