சொட்டும் நேரம்

மணலி விரைவுச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால்
மூன்றாவது தகரக் கூரை.
தாழ்ப்பாள், குழாய்த் திருகு, சைக்கிள் மணி
மங்கலாய் உள்ளே வந்து
முகம் தெரிய வெளியே போகும்.
நான் முலாம் பூசுகிறவள் இல்லை,
கணக்கு எழுதுகிறவள்:
நிக்கல் உப்பு எத்தனை மூட்டை,
லாரித் தண்ணீர் எத்தனை நடை,
யார் எத்தனை சட்டம்.

சட்டம் என்றால் இங்கே
திருகுகளைக் கோத்துத் தொங்கவிடும் செம்புச் சட்டம்.
மற்றது
வாரியத்திலிருந்து பழுப்பு உறையில் வரும்.

உறை வந்த மாதம்
ஹெப்சிபா என்றொரு பொறியாளரும் வந்தாள்,
ஒரு நிறுத்துக் கடிகாரம், அரை லிட்டர் குவளை.
நாங்கள் எல்லோரும் சாக்கடையைக் காட்டினோம்.
அவள் பார்த்தது
தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் தரையை.
அங்கே ஒரு பச்சைப் பாதை
தேசிங்கின் நடை அகலத்துக்கு,
பத்து வருடம் சொட்டியது.

"தூக்கினதும் ஓடாதீங்க.
இருபது நொடி தொட்டி மேலயே பிடிங்க."

தேசிங்கு ஒன்றும் சொல்லவில்லை.
ஏழு கிலோச் சட்டத்தை
அவள் கையில் கொடுத்தான்.

பதினொன்றில் நடுங்கியது.
இறக்கி வைத்தாள்.
வெட்கப்படவில்லை, குறித்துக்கொண்டாள்.

நான் என் பங்குக்குப் பெருக்கினேன்:
நாளுக்கு முந்நூறு சட்டம், இருபது நொடி,
ஆக நூறு நிமிடம்.
துண்டுக் கூலியில் அந்த நூறு யாருடையது?
முதலாளி கூரையைப் பார்த்தார்.
கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஒரு வாரம் அப்படியே கிடந்தது.
பிறகு மஸ்தான்
சாத்தாங்காட்டுப் பழைய இரும்பில் ஒரு குழாய் வாங்கி
தொட்டிக்கு மேலே குறுக்கே பற்றவைத்தார்.
மாட்டு. அடுத்ததை எடு.
மாட்டியது தன்பாட்டில் சொட்டட்டும்.

அவ்வளவுதான்.
தேசிங்கின் வலது தோள்
இடது தோள் உயரத்துக்கு வர
இன்னும் நாளாகும் என்கிறான்.

அலசும் தொட்டி ஒன்று மூன்றானது.
பண்டம் கிழக்கே போக
தண்ணீர் மேற்கே வரும்.
கடைசித் தொட்டியில் தெளிவாய் விழுந்து
நடுவில் வழிந்து
முதல் தொட்டியில் பச்சை ஏறி
சுடுதொட்டி வற்றிய அளவுக்கு
மறுபடி அதற்குள்ளேயே.

எங்கள் தெருவில் இதற்குப் பெயர் கிடையாது.
துணியின் கடைசி அலசல் நீர்
அடுத்த துணிக்கு முதல் நீர்,
அப்புறம் கழிவறைக்கு.
எர்ணாவூரில் யாரும் கடிகாரத்தோடு வந்து
சொல்லித் தரவில்லை.

தையில் நாளுக்கு நான்கு நடை.
சித்திரையில் ஒன்றரை.
அரை லாரி வராது,
அதனால் இன்று ஒன்று, நாளை இரண்டு.
ஓட்டுநர் வெங்கடேசலு கேட்டார்:
"இன்னாமா, கம்பெனில கை கழுவறதயே வுட்டுட்டீங்களா?"
மிச்ச நடை எங்கே போகிறது என்றேன்.
"அதுக்கு ஆளா இல்ல?" என்று
கியரை மாற்றினார்.

பதிவேட்டில் மிச்சம் என்று
புதிதாய் ஒரு பத்தி இழுத்தேன்.
தண்ணீரை லிட்டரில் எழுதலாம்,
உப்பைக் கிலோவில்.
தோளுக்கு அலகு தெரியாமல்
அந்தக் கட்டம் காலி.

நேற்று எங்கள் தெருவுக்கு லாரி வந்தது,
ஐந்து நாளுக்குப் பிறகு.
வீட்டுக்கு ஆறு குடம்.
ஆறாவது நிரம்புவதற்குள் தொட்டி தீர்ந்தது.
நான் குழாய் வாயைக்
குடத்தின் மேலேயே பிடித்திருந்தேன்.
"இன்னாடி எண்ற, நவுரு"
பின்னால் அமலோற்பவம்.

பன்னிரண்டு.
ஹெப்சிபாவைவிட ஒன்று கூட.
கையும் குழாயும் சேர்ந்து நடுங்க
இன்னும் ஒரு சொட்டு
விழலாமா என்று
வாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.