மூன்று நிமிடம்

அவர்களுடைய செவ்வாய் இரவு ஏழு மணி
செந்தூலில் எனக்குப் புதன் காலை ஏழு.
ஒஹாயோவில் ஏதோ ஒரு மாவட்டம்.
பள்ளி வாரியக் கூட்டம்.
இயந்திரம் கேட்டு எழுதும்.
அது தப்பாகக் கேட்டதை நான் திருத்த வேண்டும்,
நிமிடத்துக்கு ஒரு வெள்ளி இருபது காசு.

வவுச்சர் என்கிறார்கள் அவர்கள்.
அரசுப் பணத்தைச் சீட்டாக்கிக் கையில் கொடுத்தால்
பிள்ளையைத் தனியார் பள்ளிக்குக் கூட்டிப் போய்விடலாமாம்.
இயந்திரமோ வல்ச்சர் என்றே எழுதுகிறது.
இன்று காலை மட்டும்
பதினெட்டுக் கழுகுகளை அழித்திருக்கிறேன்.
ஒன்றை விட்டுவைக்கலாமா என்று தோன்றியது.
மேற்பார்வை ஹஸ்லிண்டா கண்டுபிடித்துவிடுவாள்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணி அடித்தால் ஒலிவாங்கி செத்துவிடும்.
நூலகத்திலிருந்து தூக்க வேண்டிய புத்தகங்களை
ஒரு தகப்பன் வரிசையாகப் படித்தார்,
நாற்பத்தோராவது தலைப்பின் நடுவில் மணி.
பிறகு பேருந்து ஓட்டும் ஒரு பெண்.
மூடப்போகும் பள்ளியில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்,
யார் எந்த முக்கில் ஏறுவார்கள் என்று
முக்கு முக்காகச் சொல்லிக்கொண்டே போனாள்.
வேறு வாதம் எதுவும் அவளிடம் இல்லை.
அவள் முடித்ததும் எழுந்த ஓசையைக்
கைத்தட்டல் என்று போடுவதா
சலசலப்பு என்று போடுவதா?
இரண்டும்தான் கேட்டது.
ஒன்றுக்குத்தான் இடம்.

நூற்றுப் பன்னிரண்டா!
நான் படித்த தமிழ்ப்பள்ளியில் இப்போது முப்பத்தேழு பேர்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து
ஒரே நாட்டுக்கு எதற்கு இத்தனை வகைப் பள்ளி என்பார்.
அன்றிரவே எங்கள் வாட்ஸ்அப் குழு கொதிக்கும்.
நானும் கொதிப்பேன்.
எங்கள் கார்க் கண்ணாடியில்
தமிழ்ப்பள்ளியே நம் தேர்வு என்று ஒட்டியிருந்தோம்.
கடைசிச் சொல் மட்டும் வெயிலில் உரிந்துபோயிற்று.

திரையின் ஓரத்தில் இன்னொரு சன்னல்,
மகனின் முதலாம் ஆண்டுப் பதிவு.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
தேசியப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி,
பக்கத்தில் ஒவ்வொரு வட்டம்.
இனியவாணன் போன வாரமே சீனப் பள்ளியை அழுத்திவிட்டான்.
"மண்டரின் தெரிஞ்சா எங்க போனாலும் வேலை.
நீ தமிழ்ல எடுத்த ஏ
உன்னை எங்க கொண்டுவந்து விட்டுச்சு, சொல்லு?"
சமையல் மேசைக்கு, என்றேன்.
சிரித்தான். நானும்.
சேமிக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

தஸ்வின் என் காதுக்குழாய் ஒன்றைப் பிடுங்கித்
தன் காதில் வைத்துக்கொள்கிறான்.
"யாரும்மா கத்துறது?"
பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசுறாங்க.
"நம்ம பள்ளிக்கூடமா?"
ரொட்டி ஆறிடும், சாப்பிடு, என்று
காயாவை இன்னும் கொஞ்சம் தடவுகிறேன்.

வவுச்சர் கேட்டு நின்றவளின் மகள்
சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.
சரிவுப்பாதை ஒன்று போடச் சொல்லி
நான்கு வருடமாக எழுதியிருக்கிறாளாம் பள்ளிக்கு.
இனி என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.
அப்படியே தட்டினேன்.
போகிறவர்கள் பணத்தையும் கொண்டுபோனால்
மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு என்ன என்றார் அடுத்தவர்.
அதையும் அப்படியே தட்டினேன்.
இரண்டு பேருக்கும் ஒரே விரல்கள்.

வாக்கெடுப்பு.
மூன்று ஆம். மூன்று இல்லை.
ஏழாமவர் தண்ணீர் குடிக்கிறார்.
குவளையை மேசையில் வைக்கிற சத்தம் வரைக்கும்தான்
என் பங்கு.
அதற்கு மேல் கிள்ளானில் வேறொருத்தி.
அவளைக் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

கீழே பெஞ்சமினின் வேன் இரண்டு தரம் ஒலித்தது.
மின்தூக்கி பழுது. ஆறு மாடி.
பாலர் பள்ளிப் பையைத் தூக்கி உள்ளே வைத்தவன்
"அக்கா, அடுத்த வருசத்துக்கு இப்பவே இடம் பிடிக்கணும்,
அம்பது வெள்ளி முன்பணம்" என்றான்.
கொடுத்தேன்.
"எந்தப் பள்ளி?"
தஸ்வின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தான்.
பெஞ்சமின் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு ரசீதில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப்
பேனாவைக் காதில் செருகிக்கொண்டான்.